யாரைக் கேட்டு?

ஜூன் 3, செவ்வாய்

நாட்குறிப்பு எழுதும் யோசனை என்னுடையது அல்ல, என் வீட்டுக்காரருடையது. நேற்றுச் சாப்பிடும்போது நான் ஆபீஸ் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, காதுல விழுகுதா இல்லையா?" என்றேன்.

"விழுகுது, விழுகுது. தெனமும் என்ற தலைய உருட்டறதுக்குப் பதிலா அந்த லேப்டாப்புல எழுதி வெய்யி கண்ணு. மனசும் லேசாகும்."

கல்யாண நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த லேப்டாப். எல்லாம் அவரே போட்டு, சரிபார்த்து, "இனி நீ தொறந்தாப் போதும்" என்று கையில் தந்தார். பம்ப் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் மனிதர், இதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தார். எத்தனை பேர் செய்வார்கள்?

சரி, நாட்குறிப்புக்கு நான் யார் என்று தெரிய வேண்டாமா? சுகந்தி. ஊர் உடுமலை, வாழ்க்கைப்பட்ட இடம் கணபதி. சரவணம்பட்டியில் ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனியில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அதாவது, ஊரார் திட்டுவதை எல்லாம் வாங்கிப் பிரித்து அடுக்கி மேலே அனுப்புவது என் உத்தியோகம்.

இன்று மேனேஜர் தேவசகாயம் சார் கூப்பிட்டு ஒரு வேலை தந்தார். வைரஸ் என்றால் பேச்சே இல்லை, கண்டவுடன் பிடித்து வெளியே போட்டுவிடுவோம். சிக்கல் வேறு ஒரு ஜாதியில் இருக்கிறது. இலவசமாக ஏதோ ஒன்றை இறக்கினால், கூடவே சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு வந்து உட்காரும். விளம்பரம் காட்டும், "உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது" என்று பயமுறுத்தும், நாம் எங்கே போகிறோம் என்று வேவு பார்க்கும். திருடன் என்று சொல்லவும் முடியாது, விருந்தாளி என்று சொல்லவும் முடியாது. எங்கள் பாஷையில் "வேண்டாததாக இருக்கலாம்" வகை. இவற்றைக் கண்டால் எச்சரிக்கும் வசதி எங்களிடம் உண்டு, ஆனால் வாங்கியவர்களே தேடிப் போய் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். புது வெர்ஷனில் முதலிலிருந்தே ஆன் செய்து கொடுக்கலாமா, பழையபடி அணைத்தே வைக்கலாமா? இருபத்தேழாம் தேதி மீட்டிங்கில் நான் சொல்ல வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அணைத்தே இருக்கட்டும். ஆன் செய்தால் வரப்போகும் வசவு முழுக்க என் மேசைக்குத்தானே வரும்.

வரும் வழியில் வழக்கமான பால் இல்லை என்று வேறு பாக்கெட் வாங்கினேன். "யாரைக் கேட்டு மாத்துன?" என்றார். அது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை, கோபம் என்று சொல்ல முடியாது. அவருக்குப் பீட்ரூட் பொரியல். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன்.

ஜூன் 5, வியாழன்

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். புது வெர்ஷன் கடைக்குப் போகும் முன் எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆபீஸ் மெஷின்கள் குளித்துத் தலை சீவிய பிள்ளைகள். அழுக்கு வீட்டில்தான் இருக்கும் என்பார் சார். இந்த முறை சோதனைக்காக அந்த எச்சரிக்கையை ஆன் செய்தே கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் போட்டுவிட்டு, சாதம் வைக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னமோ எட்டிப் பாத்துச்சு. வெளம்பரம். மூடிட்டேன்" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

நேற்று லேப்டாப்பில் சும்மா ஸ்கூட்டர் விலை பார்த்தேன். லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது, பீரோவில் தூங்குகிறது. இன்று காரில் ஆபீஸில் இறக்கிவிடும்போது அவராகவே, "ஸ்கூட்டரெல்லாம் உனக்குச் சரிப்பட்டு வராது கண்ணு. கொண்டாந்து விடறதுக்கும் கூட்டிட்டுப் போறதுக்கும் நான் இல்லையா?" என்கிறார். நான் வாயே திறக்கவில்லை!

மனசைப் படிக்கிற மனிதர். பர்வீனிடம் பெருமையாகச் சொன்னேன். பர்வீன் எங்கள் சோதனைப் பிரிவுப் பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவள் சிரிக்கவில்லை. பொறாமையாக இருக்கும்.

ஜூன் 9, திங்கள்

முதல் புகார் வந்துவிட்டது! எச்சரிக்கைக்குக் கீழேயே ஒரு புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோம். பெயர் கேட்க மாட்டோம். வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"யாரைக் கேட்டு இந்த எச்சரிக்கையைக் காட்டினீர்கள்? நான் வாங்கிய லேப்டாப், நான் போட்ட புரோகிராம். என் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்."

பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன் என்று பர்வீனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் புகாரோடு பதிவாகியிருந்த புரோகிராமின் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது என்ன பண்ணும்னு தெரியுமாக்கா? அந்த லேப்டாப்புல என்ன டைப் அடிச்சாலும், என்ன பாத்தாலும், இன்னொருத்தர் போன்ல காட்டும். 'குடும்பப் பாதுகாப்பு'ன்னு பேரு வெச்சு விக்கறாங்க."

"புள்ளைங்களுக்காகப் போட்டிருப்பாங்க."

"இருக்கலாம். புள்ளைக்குத் தெரியுமா? ஏங்க்கா, இந்த வெர்ஷன் எங்கெங்க இருக்கு?"

"நம்ம ஆளுங்க வீட்டுல மட்டுந்தான்."

"அப்ப இந்த ஆளு யாரு?"

எங்களோடு கேன்டீனில் டீ குடிக்கிற யாரோ ஒருத்தியின் வீட்டில் இது நடக்கிறது. அக்கவுன்ட்ஸில் ஒரு பெண் இருக்கிறாள், எப்போதும் முகம் வாடியே இருக்கும். அவளாகத்தான் இருக்கும். பாவம், எந்தப் பாவி கையில் மாட்டினாளோ.

ஜூன் 10, செவ்வாய்

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

சென்னை ஆபீஸில் எனக்கென்று தனி டீம் தருகிறார்களாம். ஆகஸ்டில் சேர வேண்டும், மீட்டிங் அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். சார் அறைக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். எனக்கு அது வேண்டும். ரொம்ப வேண்டும். எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

இவரிடம் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை நல்ல மனநிலையில் இருப்பார். அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 11, புதன்

காபியைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார். "மெட்ராஸ் தண்ணி உனக்கு ஒத்துக்காது."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஏனுங்க திடீர்னு மெட்ராஸ்?" என்றேன்.

"பொதுவாச் சொன்னேன். எங்கியும் போற யோசனை இருந்தா இப்பவே விட்டுரு. யாரைக் கேட்டு இதெல்லாம்?"

சார்தான் போன் செய்து சொல்லியிருப்பார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. நாளைக்கு அவரிடமே கேட்டுவிடுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

சார் யாரிடமும் சொல்லவில்லையாம். "உன் வீட்டு விஷயத்துல நான் ஏம்மா மூக்க நுழைக்கப் போறேன்?" என்று வருத்தப்பட்டார். பர்வீனிடம்கூட நான் மூச்சு விடவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. நான் சொன்னது

ஜூன் 13, வெள்ளி

நேற்றுப் பாதியில் தூங்கிவிட்டேன், அவ்வளவு அசதி. சார்தான் சொல்லியிருக்கிறார். மறந்துபோய் இல்லை என்றாராம். இன்று சரி என்று ஒப்புக்கொண்டார். வயசாகிறது மனிதருக்கு.

முருங்கைக்கீரை. வெயில்.

ஜூன் 16, திங்கள்

நன்றாக யோசித்தேன். சென்னை வேண்டாம். இவர் சொல்வது சரி. அங்கே போய் ஹாஸ்டலில் கிடந்து என்ன சாதிக்கப் போகிறேன்? என்னைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிகிறது.

இன்று ஏனோ பீட்ரூட் அல்வா மேல் ஆசையாக இருக்கிறது. சின்ன வயசில் உடுமலைக் கடையில் வாங்கித் தருவார்கள். அதற்காக உயிரையே விடுவேன். யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, முப்பத்தி மூணு வயசில் அல்வாவுக்கு ஏங்குகிறேன் என்று.

ஜூன் 17, செவ்வாய்

கடையிலிருந்து வரும்போது கையில் ஒரு டப்பா. பீட்ரூட் அல்வா!

"திடீர்னு தோணுச்சு. உனக்குப் புடிக்குமேன்னு வாங்கியாந்தேன்" என்றார்.

முழுவதும் சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு ஆசையாக வாங்கி வந்திருக்கிறார்! நான் கொடுத்து வைத்தவள்.

ஜூன் 18, புதன்

லேசாக வயிறு சரியில்லை. ரசம் சாதம்.

ஜூன் 20, வெள்ளி

மீட்டிங்குக்கான குறிப்பைத் தயார் செய்கிறேன். என் முடிவில் மாற்றமில்லை. எச்சரிக்கை அணைத்தே இருக்க வேண்டும். அவரவர் வீட்டில் அவரவர் போடும் புரோகிராமுக்கு நாம் யார் நடுவில்? அந்தப் புகார் போட்ட மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். குடும்பத்தின் மேல் அக்கறை இருப்பவர்தான் இவ்வளவு மெனக்கெடுவார்.

சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். என்ன விசேஷம் என்றேன். ஒன்றுமில்லை என்று சிரித்தார்.

ஜூன் 23, திங்கள்

இட்லிக்கு அரைத்தேன். இரண்டு கொடி துணி துவைத்தேன். மெத்தை உறை மாற்றினேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

நாளை மீட்டிங். சோதனை முடிவதால் எல்லோரும் வீட்டு லேப்டாப்பை ஆபீஸுக்கு எடுத்துவர வேண்டும். எப்போதும் உள்ள வழக்கம்தான், சோதனை வெர்ஷனை நீக்கிவிட்டுத் திருப்பித் தருவார்கள். இவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"யாராச்சும் உள்ள நோண்டுவாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. அஞ்சு நிமிச வேலை."

"சரி, எடுத்துட்டுப் போ. சாயங்காலம் அஞ்சரைக்கு வந்து நிக்கறேன்."

சென்னை வேண்டாம் என்பதையும் நாளைக்கே சாரிடம் சொல்லிவிடுவேன். நிம்மதி.

ஜூன் 27, வெள்ளி

ஏனுங்க, இது உங்களுக்கு.

கேன்டீன் மூலையில் உட்கார்ந்து அடிக்கிறேன். நான் அடிக்க அடிக்க உங்கள் போனில் வந்துகொண்டிருக்கும். கடையில் ஆள் இருந்தால் கொஞ்சம் ஓரமாகப் போய்ப் படியுங்கள்.

எனக்குப் பீட்ரூட் ஆகாதுங்க. அந்த மண் வாசனை வந்தாலே குமட்டும். கல்யாணமாகி இந்த ஏழு வருசத்தில், பீட்ரூட் பொரியல் செய்த ஒரு நாளாவது அதை என் தட்டில் பார்த்திருக்கிறீர்களா? எதிரில் உட்கார்ந்துதானே சாப்பிட்டீர்கள்? நான் எழுதியதை எழுத்து விடாமல் படித்தீர்கள். என் தட்டை ஒரு நாளும் பார்க்கவில்லை. அந்த அல்வாவை முழுசாகத் தின்றுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுத்தேன்.

பன்னிரண்டாம் தேதி பாதி வரியில் நின்றேனே, அங்கேதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னது இந்த லேப்டாப்பிடம் மட்டும்தான். அதற்கு அப்புறம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? எதன் உள்ளே மாட்டியிருக்கிறேன் என்று தெரிகிறது. தேடிப் பார்க்க முடியவில்லை, தேடினால் அது உங்கள் போனில் தெரியும். அதனால்தான் அல்வா ஆசை என்று ஒரு பொய்யை எழுதிப் பார்த்தேன். திடீரென்று எழுதுவதை நிறுத்தினாலும் சந்தேகப்படுவீர்கள். அதனால் தினமும் உட்கார்ந்து "சந்தோஷமாக இருக்கிறேன்" என்று அடித்தேன். சொந்த வீட்டில், சொந்த மனசுக்குள் போய் உட்காரக்கூட இடமில்லை. அக்கவுன்ட்ஸ் பெண்ணைப் பார்த்துப் பாவம் என்றேனே, அன்றைக்கே எனக்குள் எங்கோ தெரிந்துதான் இருந்ததோ என்னவோ. "யாரைக் கேட்டு" என்று ஆரம்பிக்கிற புகார் ஊரில் வேறு யார் வீட்டிலிருந்து வரும்?

இன்று மீட்டிங்கில் சார் முதலில் என்னைத்தான் கேட்டார். "புகார்ப் பெட்டி என்னம்மா சொல்லுது?"

"ஆன் பண்ணித்தான் கொடுக்கோணும் சார்" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். "நீயா இதச் சொல்ற? சின்னச் சின்னக் கம்பெனிக்காரன் விளம்பரத்த வெச்சுப் பொழைக்கிறான். எல்லாரையும் திருடன் வரிசைல நிறுத்தினா கோர்ட்டுக்குப் போவான். ஜனங்களும் இந்தத் தொல்லையே வேண்டாம்னு நம்மளத் தூக்கிப் போட்டுருவாங்க."

அவர் சொல்வதும் பொய் இல்லை. இந்த மாச ஆரம்பத்தில் நானே அதைத்தான் சொன்னேன்.

"திருடன்னு சொல்ல வேண்டாங்க சார். 'இது இங்க இருக்கு, உங்களுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டாப் போதும். வேணும்னா வெச்சுக்கட்டும். அணைச்சுக் கொடுத்துட்டு வேணுங்கறவங்க ஆன் பண்ணிக்கட்டும்னா, யாருக்கு ஆன் பண்ணத் தோணும்? தெரிஞ்சவங்களுக்கு. தெரியாதவங்களுக்குத்தானே சார் அது வேணும்?"

"புகார் எல்லாம் வேற மாதிரி வருதேம்மா."

"நாம பண்ற தப்பே அதுதானுங்க. இத்தன வருசமா புகார்ப் பெட்டிய வெச்சே முடிவெடுக்கறோம். போட்டவன் குரல் மட்டுந்தான் அதுல வரும். யார் மேல போட்டாங்களோ அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அவங்க எங்கிருந்து புகார் அனுப்புவாங்க?" மேசையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த முதல் புகார் என்ற வீட்டுல இருந்து வந்ததுங்க சார். அந்த லேப்டாப் என்னோடது. எச்சரிக்கை வந்தப்ப நான் அடுப்படியில இருந்தேன். அவர் மூடிட்டார். ஒரு தடவ காட்டினாப் பத்தாது, அடுத்த தடவ தொறக்கறப்பவும் காட்டோணும்."

பர்வீன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆன்" என்றார் கடைசியில். "நீ சொன்னபடியே எழுதிக் கொடும்மா."

சென்னைக்கும் சரி என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

போன் அடிக்கிறீர்கள். இரண்டாவது தடவை. எடுக்க மாட்டேன். பேசினால் "கண்ணு" என்பீர்கள், எனக்கு மனசு இளகிவிடும். ஏழு வருசப் பழக்கம், உடனே போகுமா? நீங்கள் வாங்கிக் கொடுத்த மல்லிகைப்பூ நிஜமாகவே வாசமாக இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு அழுகை வருகிறது.

நீங்கள் காரை எடுத்திருப்பீர்கள். வாருங்கள். கேட்டில் நிறுத்துவார்கள். எங்கே போகிறேன், யாரோடு போகிறேன் என்பதை இந்த வரியில் எழுதப் போவதில்லை.

எல்லாவற்றையும் பர்வீன் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் மறுபடி வரவழைத்த எச்சரிக்கை இப்போது என் கண் முன்னால் இருக்கிறது. "இந்தப் புரோகிராம் உங்களுக்கு வேண்டாததாக இருக்கலாம்." கீழே இரண்டு பட்டன். அன்றைக்கு ஒன்றை நீங்கள் அமுக்கினீர்கள். மற்றதை நான் அமுக்குகிறேன்.

ஜூன் 27, அதற்குப் பிறகு

போய்விட்டது.

இதை இப்போது யாரும் படிக்கவில்லை. பர்வீன் இரண்டு தடவை பார்த்துச் சொன்னாள், அப்படியும் நம்ப முடியவில்லை. கண்டதையும் அடித்துப் பார்த்தேன். அம்மா. புளி. தூக்கம் வருது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கேன்டீன்காரர் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு டீ வைத்துவிட்டுப் போனார்.

முன் கேட்டில் கார் வந்துவிட்டதாம். செக்யூரிட்டி போன் செய்தார். சார் இறங்கிப் போயிருக்கிறார் பேச. என் போனை அணைத்துவிட்டேன். இன்று ராத்திரி உக்கடத்தில் பர்வீன் வீடு. நாளை அம்மா. அப்புறம் சென்னை. ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கிறேன், என் கையாலேயே.

பர்வீன் ஹெல்மெட்டோடு வந்து நிற்கிறாள். "பின் கேட்டு தொறந்திருக்குக்கா. சீக்கிரம்."

"லைசென்ஸ் பையில இருக்கு" என்றேன். காலையில் பீரோவிலிருந்து எடுத்து வந்தது.

அவள் சாவியை நீட்டினாள். வண்டியை நான்தான் ஓட்டப் போகிறேன். யாரையும் கேட்கவில்லை.